3-500இசட் லீனியர்: ஃபேன் காத்து பத்தலைங்க, என்ன பண்றது?

சோமனூரிலிருந்து:
வணக்கமுங்க. ஹாம் ரேடியோவுல 40 மீட்டர் அலைவரிசைக்கு, ஒத்தை 3-500இசட் வால்வு (கண்ணாடிக் குழாய் மாதிரி பழைய ரேடியோ வால்வு) போட்டு, கிரவுண்டட் கிரிட் முறையில லீனியர், அதாவது சிக்னலைப் பெருக்கிற ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு கட்டியிருக்கேன். பக்கவாட்டுல ரெண்டு கம்ப்யூட்டர் ஃபேன். கண்ணாடி மேல காத்து நல்லாவே படுது. ஆனா கொஞ்ச நேரம் விடாம பேசினா ஃபிலமெண்ட் பின்ல இருக்கிற ஈயம் இளகி வெளிய வருது. இந்த வெயிலுக்கு ரூமே 40 டிகிரி. பெரிய ஃபேனா மாத்தினா சரியாகுங்களா?

பெருந்துறையிலிருந்து:
முதல்ல சாக்கெட்டைப் பாருங்க. ஃபிலமெண்டுக்கு 5 வோல்ட்ல 14 ஆம்பியருக்கு மேல ஓடுது. பின்னைப் புடிக்கிற கிளிப் தளந்து 0.05 ஓம் வந்தாலே அந்த இடத்துல 10 வாட் சூடு.

பல்லடத்திலிருந்து:
தம்பி, கிளிப் சொன்னது சரிதான், ஆனா உங்க காத்து போற வழியே தப்புங்க. வால்வோட வயிறு செவக்கறதைப் பத்திக் கவலைப்படாதீங்க. உள்ள இருக்கிற பிளேட் சூட்டைக் கதிரா வெளிய தள்ளிரும். சாகறது அடிப்பக்கம் பின்னும் கண்ணாடியும் சேர்ற சீல்தான். அதுக்கு 200 டிகிரிதான் எல்லை. சாதா ஈயம் அதுக்கு முன்னாலயே, 190 கிட்ட உருகிரும். பேசாம சும்மா இருந்தாலும் ஃபிலமெண்ட் மட்டுமே 70 வாட்டுக்கு மேல சூடு தருது. பக்கத்துல இருந்து ஊதினா அந்தச் சூடு சாக்கெட்டுக்குள்ளயே தங்கிரும்.

சேசிஸை, அதாவது சாக்கெட் மாட்டியிருக்கிற அடிப்பெட்டியை, அடியில தகடு போட்டு மூடுங்க. ஸ்க்ரூ ஓட்டை, வயர் ஓட்டை எல்லாம் அடைச்சிருங்க. காத்தை சேசிஸுக்குள்ள தள்ளினா, சாக்கெட்டைச் சுத்தி இருக்கிற ஓட்டை வழியா மட்டும் மேல ஏறணும். மேல கண்ணாடிச் சிம்னி வச்சா அதே காத்து வால்வை ஒட்டிப் போய், உச்சியில பிளேட் கனெக்‌ஷன்ல மாட்டற கேப்பையும் ஆத்தும். கேப் இறக்கை வச்சதா இருக்கட்டும்.

இந்த வேலைக்கு அழுத்தம் வேணும். கம்ப்யூட்டர் ஃபேன் ரெண்டு மூணு மில்லிமீட்டர் தண்ணி உசர அழுத்தத்துக்கு மேல தாங்காது, நின்ன இடத்துலயே காத்தைக் கலக்கும். அணில்கூண்டு மாதிரி உருளை வச்ச புளோயர் வாங்குங்க. நம்ம கொத்தனார் மட்டம் பாக்கிற டியூப் ஒரு முழம் எடுத்து, யூ மாதிரி வளைச்சு, பாதி தண்ணி ஊத்துங்க. ஒரு முனை சேசிஸ் ஓட்டையில, இன்னொண்ணு வெளிய. ரெண்டு பக்கத் தண்ணி மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்க அழுத்தம். வால்வைச் சாக்கெட்டுல மாட்டி, சிம்னியும் வச்சுட்டுப் பாருங்க. வெறும் ஓட்டையா இருந்தா கணக்கு தப்பும்.

சோமனூரிலிருந்து:
ரொம்ப நன்றிங்ண்ணா. அரிக்கேன் விளக்குக் கண்ணாடி சிம்னிக்கு ஆகுங்களா? பக்கத்துலயே தறிக்குடோன், பஞ்சு பறந்துட்டே இருக்குது.

பல்லடத்திலிருந்து:
விளக்குக் கண்ணாடி வேண்டாம், போரோசிலிகேட் குழாயாப் பாருங்க. கோயமுத்தூர்ல லேப் கண்ணாடிச் சாமான் விக்கிற கடையில வெட்டித் தருவாங்க. பஞ்சுக்கு, புளோயர் வாய்லயே சின்னதா வலை கட்டாதீங்க, சீக்கிரம் அடைச்சிக்கும். ஒரு பெட்டிக்குள்ள புளோயரை வச்சு, பெட்டியோட ஒரு பக்கம் முழுக்க ஃபில்டர் போடுங்க. பரப்பு பெருசா இருந்தா அழுத்தம் குறையாது. தறிக்காரங்க ஊர்ல வாரம் ஒருதடவை தட்டியே ஆகணும்.

காத்துப் பாதையில, காத்து தள்ளினா மட்டும் ஆன் ஆகிற தகட்டு சுவிட்ச் ஒண்ணு வைங்க, காத்து வராம ஃபிலமெண்ட் எரியக் கூடாது. நிறுத்தின பிறகும் நாலஞ்சு நிமிசம் புளோயர் ஓடட்டும். தண்ணி டியூப் வச்சுப் பாக்கறப்போ லீனியர் பிளக்கைப் புடுங்கி, கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் பண்ணிட்டு, புளோயருக்கு மட்டும் தனியா கரண்ட் குடுங்க.