கிராண்ட் மாஸ்டர் = பெருந்தச்சர்? (மறுமொழிகளுக்கு என் பதில்)

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் வாழ்ந்த பாதிரியாரும் இயற்பியலாளருமான டெசாகுலியரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். முதல் வரைவை என் தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். ‘1719இல் அவர் கிராண்ட் மாஸ்டர் ஆனார்’ என்ற வரியில் நின்றுவிட்டாள். “அந்தக் காலத்திலேயே சதுரங்கத்துக்கு இந்தப் பட்டம் உண்டா?” என்று கேட்டாள். அவள் மேல் குற்றமில்லை. இன்றைய தமிழ்ச் செய்தித்தாளில் கிராண்ட் மாஸ்டர் என்றால் சதுரங்கம்தான். டெசாகுலியர் தலைமை வகித்த ஃப்ரீமேசன்கள் என்ற சகோதரச் சங்கத்தின் தலைமைப் பதவிக்குத் தனிச்சொல் வேண்டும் என்று எனக்கு உறைத்தது அப்போதுதான். அதற்கு என்ன சொல் வைக்கலாம் என்பது பற்றி நீங்கள் எழுதிய மறுமொழிகளை எடுத்துப்போட்டுப் பதில் சொல்கிறேன்.

> பெருந்தலைவர் போதும். எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஐயா. ஆனால் பெருந்தலைவர் என்றதும் நம் மனத்தில் காமராசர் வந்து நிற்கிறார். அவரை விட்டால் ஊராட்சி ஒன்றியப் பெருந்தலைவர். அதைவிடப் பெரிய குறை, அந்தச் சொல்லில் கல்லும் இல்லை, உளியும் இல்லை. ஃப்ரீமேசன்களின் அடையாளங்கள் எல்லாமே கல்வேலைக்காரர்களிடமிருந்து வந்தவை: மூலைமட்டம், கவராயம், தூக்குக்குண்டு, இடுப்பில் கட்டும் தோல் முன்றானை. ‘மாஸ்டர்’ என்பதும் பட்டறைச் சொல்தான். நம் கட்டடத் தொழிலில் புழங்கும் ‘மேஸ்திரி’யும் அதே இலத்தீன் வேரிலிருந்து போர்ச்சுக்கீசியம் வழியாக வந்தது. தொழிலின் வாசனையைத் துடைத்துவிட்டால் மிஞ்சுவது ஏதோ ஒரு சங்கத்தின் தலைவர் பதவிதான்.

எனவே என் பரிந்துரை: பெருந்தச்சர்.

தச்சர் என்றால் மரவேலை செய்பவர் அல்லவா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இன்றைய பேச்சில் அப்படித்தான். ஆனால் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, கோயிலைக் கட்டியவரைக் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்றுதான் குறிக்கிறது. அத்தனை பெரிய கற்றளியை எழுப்பியவருக்கு அரசன் பெயரோடு சேர்த்துக் கொடுத்த பட்டம் அது. கல்தச்சர் என்ற வழக்கும் இன்னும் உயிரோடு இருக்கிறது. மாமல்லபுரத்துச் சாலையோரப் பட்டறை ஒன்றில் மூத்த கல்தச்சர் ஒருவர் வேலை செய்வதை ஒரு முற்பகல் முழுக்கப் பார்த்தேன். உளியை வைப்பதற்கு முன்னால் கல்லைச் சுத்தியால் மூன்று இடத்தில் தட்டினார், தலையைச் சாய்த்து ஓசையைக் கேட்டார், பிறகு கல்லைப் புரட்டிப் போட்டு மறுபடியும் தட்டினார். ஓசையை வைத்தே ஆண்கல், பெண்கல் என்று பிரிப்பார்களாம். அவரைக் கொத்தனார் என்று கூப்பிட்டால் அவர் திரும்பியே பார்க்க மாட்டார். கொத்தனார் செங்கல்லும் சாந்தும் கொண்டு சுவர் எழுப்புபவர். அது வேறு தொழில், வேறு திறமை. ‘கொத்தர்’ என்ற பரிந்துரையை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

> டெசாகுலியர் பாதிரியார், இயற்பியலாளர். உளியே பிடிக்காதவரைத் தச்சர் என்பது பொருந்துமா?

நல்ல கேள்வி. இதற்கு அவருடைய வாழ்க்கையிலேயே விடை இருக்கிறது.

1683இல் பிரான்சின் லா ரோஷேல் பகுதியில் பிறந்தவர். தகப்பனார் சீர்திருத்தத் திருச்சபைப் போதகர். பதினான்காம் லூயி அந்தச் சமயத்தாரை ஒடுக்கிய காலத்தில் குடும்பம் ஊரைவிட்டு வெளியேறியது. குழந்தையைப் பீப்பாய்க்குள் ஒளித்துக் கப்பலேற்றினார்கள் என்று ஒரு கதை உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, அங்கேயே சோதனைகளைச் செய்துகாட்டிப் பாடம் நடத்தினார். பிறகு லண்டன். 1714இல் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் அவையில் உறுப்பினர். நியூட்டன் தலைமையில் இருந்த அந்த அவைக்குச் சோதனைகளைச் செய்துகாட்டுவதே அவர் வேலை. அதன் காப்ளி பதக்கத்தை மூன்று முறை பெற்றார்.

1717 ஜூன் 24, லண்டனின் நான்கு லாட்ஜ்கள் (ஃப்ரீமேசன்களின் கிளை அமைப்புகள்) ஒரு மதுக்கடையில் கூடித் தலைமை அமைப்பு ஒன்றை உண்டாக்கின என்பது மரபான வரலாறு. இரண்டே ஆண்டில் டெசாகுலியர் அதன் மூன்றாவது தலைவர். 1721இல் மாண்டேகு கோமகன் அந்தப் பதவிக்கு வந்த பிறகு, பிரபுக்கள் தலைவராக இருப்பதும் டெசாகுலியர் துணைத்தலைவராக நின்று பொறுப்புகளைச் சுமப்பதும் பலமுறை நடந்தது. 1723இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த விதிநூலின் காணிக்கையுரை டெசாகுலியர் எழுதியதே. எல்லா மனிதரும் ஒப்புக்கொள்ளும் சமயம் ஒன்றே உறுப்பினருக்குப் போதும், மற்றவை அவரவர் சொந்தக் கருத்து என்கிறது அந்த விதிநூல். சமயத்துக்காகத் துரத்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளை அந்த வரிக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்பதை நான் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

உங்கள் கேள்விக்கு நேர் விடை எடின்பரோவில் இருக்கிறது. 1721 ஆகஸ்டில் நகரக் குடிநீர் வழங்கல் பற்றி ஆலோசனை சொல்ல அங்கே போனார். மேரீஸ் சாப்பல் லாட்ஜுக்குள் நுழைய விரும்பினார். அது உண்மையான கல்தச்சர்களின் அமைப்பு. அவர்கள் லண்டனின் முன்னாள் தலைவர் என்று சும்மா விட்டுவிடவில்லை. சோதித்துப் பார்த்து, எல்லா வகையிலும் தகுதியுள்ளவர் என்று கண்ட பிறகே தங்களில் ஒருவராக ஏற்று, அதைப் பதிவேட்டிலும் எழுதினார்கள். கல்தச்சர்களே ஏற்றுக்கொண்ட ஒருவரை நாம் தச்சர் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

‘ஸ்தபதி’ என்ற பரிந்துரையும் வந்தது. அது இன்றும் கோயில் பணியில் வாழும் பட்டம்; அதை எடுத்து அயல் அமைப்புக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பெருந்தச்சன் கல்வெட்டில் ஓய்ந்திருக்கும் சொல், மீண்டும் எழுப்பலாம். மலையாளத்தில் அந்தப் பெயருக்கு ஒரு தொன்மக் கதை உண்டு என்று அம்மா ஒருவர் நினைவூட்டினார். ‘ர்’ விகுதி போட்டால் அந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும்.

அடுத்தது லாட்ஜ். தமிழில் லாட்ஜ் என்றால் பஸ் நிலையத்துக்கு எதிரே அறை வாடகைக்கு விடும் இடம். ‘விடுதி’ என்று பெயர்த்தால் இன்னும் சிக்கல், ஏனென்றால் அந்த நான்கு அமைப்புகளும் மதுவிடுதிகளில்தான் கூடின. என் வரைவில் ‘விடுதியினர் விடுதியில் கூடினர்’ என்று ஒரு வாக்கியமே வந்துவிட்டது. பழைய பொருளில் லாட்ஜ் என்பது கட்டுமானம் நடக்கும் இடத்தில் கல்தச்சர்கள் வேலை செய்யவும் கருவிகளை வைக்கவும் போட்டுக்கொண்ட கொட்டகை. பட்டறை பொருந்தியிருக்கும், அதைப் பயிற்சி வகுப்புக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நான் ‘கூடம்’ என்கிறேன். சிற்பக்கூடம் ஏற்கெனவே இருக்கிறது. கூடுதல் என்ற பொருளும் உள்ளே இருக்கிறது. புறநானூற்றில் கொல்லன் ஓங்கி அடிக்கும் சம்மட்டிக்கும் கூடம் என்றே பெயர். தலைவர் கையில் சுத்தி பிடித்து அவை நடத்தும் அமைப்புக்கு இது தானாக வந்து வாய்த்த பொருத்தம். கிராண்ட் லாட்ஜ் பெருங்கூடம் ஆகும்.

ஃப்ரீமேசன் என்ற பெயரை மட்டும் அப்படியே விட்டுவிடலாம். அந்த ‘ஃப்ரீ’, எந்தப் பக்கமும் சீராக வெட்டக்கூடிய மென்கல்லைக் குறித்தது என்பாரும் உண்டு, தொழிற்கட்டுப்பாட்டிலிருந்து விலக்குப் பெற்றவரைக் குறித்தது என்பாரும் உண்டு. ‘கட்டற்ற’ என்று எழுதினால் இரண்டாவது கட்சிக்கு நாமே தீர்ப்பு எழுதியதாகிவிடும்.

டெசாகுலியரும் நம்மைப் போலச் சொல் தேடியவர். மின்சாரம் பாய்ந்து செல்லும் பொருளுக்கு அவர் அழைத்துச் செல்பவன் என்று பொருள்படும் ‘கண்டக்டர்’ என்ற சொல்லை வைத்தார். நம் பாடநூலின் ‘கடத்தி’ அதன் தமிழ். நாடாளுமன்றக் கூடத்தின் புழுக்கத்தைப் போக்க ஒரு காற்றுச் சக்கரம் அமைத்தபோது, அதைக் கையால் சுழற்றிய ஆளைத்தான் ‘வென்டிலேட்டர்’ என்றார். அந்தச் சொல் பிறகு ஆளை விட்டுக் கருவிக்குப் போய்விட்டது.

வாக்கியத்தில் ஓட்டிப் பார்க்கிறேன்: “1719 ஜூன் 24 அன்று டெசாகுலியர் லண்டன் பெருங்கூடத்தின் பெருந்தச்சராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் துணைப் பெருந்தச்சராகவும் இருந்தார். 1737இல் கியூ மாளிகையில் வேல்ஸ் இளவரசர் ஃபிரடெரிக்கை உறுப்பினராகச் சேர்த்த கூடத்துக்குத் தலைமை வகித்தார்.”

வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ‘துணைப் பெருந்தச்சர்’ என் நாக்கில் கொஞ்சம் இடறுகிறது. அதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்கள்கிழமை கட்டுரையை அனுப்ப வேண்டும்.