அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒன்பது லென்ஸ். எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுத்துவிடுவது?

தொண்ணூறடி ரோட்டுக்காரன்:

எங்கள் அப்பா தாராவி தொண்ணூறடி ரோட்டுப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். ரேஷன் கார்டு, ஸ்கூல் ஐடி, சடங்கு வீடு, கல்யாண வீடு என்று எங்கள் சந்தில் பாதிப்பேர் ஒரு தடவையாவது அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்கள். "நாடியக் கொஞ்சம் தூக்கு" என்பார். திருநெல்வேலியை விட்டு வந்து எத்தனை வருஷம் ஆனாலும் அவருக்கு மோவாய் நாடிதான். மராத்திக்காரர்கள் வந்தால் மட்டும் தன் நாடியைத் தூக்கிக் காட்டுவார்.

மாசியில் தவறிவிட்டார். அம்மா என்னோடு கல்யாணுக்கு வந்துவிட்டாள். ஒரு பெட்ரூம் வீடு. பீரோவில் ஒரு தட்டை என் மனைவி ஒதுக்கிக் கொடுத்திருக்கிறாள், அதுவே பெரிய மனசு.

பரணிலிருந்து இறக்கிய டிரங்குப் பெட்டியில் அந்துருண்டை வாசனையோடு இருந்தவை இவை. நிக்கான் கம்பெனியின் நிக்கோர் 105 மி.மீ. எஃப் 2.5. நிக்கோர் 50 எஃப் 1.8, இதுதான் அப்பா தினமும் பிடித்தது. ஃபோகஸ் வளையத்தின் ரப்பர் போய், அந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறார். நிக்கோர் 28 எஃப் 3.5. கடைசிக் காலத்தில் வாங்கிய பிளாஸ்டிக் 28-80 ஆட்டோஃபோகஸ் ஜூம். பழைய சாமான் விற்கும் சோர் பஜாரில் வாங்கிய ரஷ்ய ஹீலியோஸ் 44-2. பென்டாக்ஸ் கம்பெனியின் டக்குமார் 50 எஃப் 1.4, கண்ணாடி டீத்தண்ணி நிறத்தில் இருக்கிறது. பென்டாக்ஸ் கே1000 கேமராவும் அதோடு வந்த 50 எஃப் 2-உம். பெயர் அழிந்துபோன 70-210 ஜூம் ஒன்று. அப்புறம் குழாய் மூடி மாதிரி ஒரு சின்ன உருப்படி, எல்-நிக்கோர் 50 எஃப் 2.8 என்று போட்டிருக்கிறது. இதை என் மனைவி பிளம்பிங் சாமான் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள்.

எனக்குப் படம் எடுக்கத் தெரியாது. அப்பா சொல்லிக்கொடுக்கப் பார்த்தார், நான் ரயில்வே பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டேன். மகளிடம் நிக்கான் டி5600 கேமரா இருக்கிறது. ஊரிலிருந்து தம்பி, "மொத்தமா வித்திருண்ணே" என்கிறான். போன வெள்ளிக்கிழமை சோர் பஜார் மட்டன் ஸ்ட்ரீட்டுக்கு எடுத்துப் போனேன். ஒருவர் ஒன்பதையும் சேர்த்து ஒரு விலை சொன்னார். சொல்லும்போது அவர் கண் 105 மேலேயே இருந்தது. பையை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தத் தட்டில் நாலு உருப்படி கொள்ளும். எந்த நாலு?

போரா பஜார் மெக்கானிக்:

தம்பி, பையை மூடிக்கொண்டு வந்தீர்களே, அது நல்ல காரியம்.

விலை, பெயர் எல்லாம் அப்புறம். முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, வெளிச்சம் புகும் துவாரமான அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் விட்டு, முன்பக்கம் கொஞ்சம் சாய்வாக வைத்துப் பார்க்க வேண்டும். தூசி தெரிந்தால் விட்டுவிடுங்கள், தூசியில் ஒன்றும் போகாது. சிலந்தி வலை மாதிரி, ரோமம் மாதிரி கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. கண்ணாடி முழுக்க மூச்சு விட்ட மாதிரி மங்கியிருந்தால் ஹேஸ். ஓரத்தில் எண்ணெய் மிதப்பது போல வானவில் நிறம் தெரிந்தால், ஒட்டிய இரண்டு கண்ணாடி விலகுகிறது என்று அர்த்தம். அதை யாரிடமும் கொண்டுபோய்ப் பணம் செலவழிக்காதீர்கள். அப்புறம் அப்பர்ச்சர் இதழ்களைப் பாருங்கள். எண்ணெய் கசிந்திருந்தால் சோம்பேறி மாதிரி மெதுவாக மூடும்.

பூஞ்சை முன் கண்ணாடியிலோ பின் கண்ணாடியிலோ இருந்தால் துடைத்துவிடலாம். ஒட்டுக் கண்ணாடிக்கு நடுவே போயிருந்தால் முடிந்தது. ரொம்ப நாள் இருந்த பூஞ்சை மேல்பூச்சைத் தின்றுவிடும், துடைத்த பிறகும் அதன் கோலம் அப்படியே நிற்கும். சர்வீஸ் செலவு லென்ஸ் விலையைத் தாண்டினால் செய்யாதீர்கள், நானே சொல்கிறேன்.

இனி உங்கள் பெட்டிக்கு வருகிறேன். 105-ஐ யாருக்கும் கொடுக்காதீர்கள். 1985 ஜூன் நேஷனல் ஜியாகரஃபிக் அட்டையில் வந்த பச்சைக் கண் ஆப்கன் பெண்ணை ஸ்டீவ் மெக்கரி எடுத்தது 105 எஃப் 2.5 நிக்கோரில்தான். டி5600-இல் நேராக மாட்டும். எல்லாவற்றையும் கையால் வைக்கும் மேனுவல் மோடில் மட்டும் வேலை செய்யும், வெளிச்சம் அளக்கும் மீட்டர் காட்டாது. ஆனால் ஃபோகஸ் சரியானால் வியூஃபைண்டரில் பச்சைப் புள்ளி எரியும். அந்தக் கேமராவின் சென்சார் சின்னது, 105 ஒன்றரை மடங்கு ஆகி 157 மி.மீ. மாதிரி நிற்கும், முகத்துக்கு அருமை.

28-ஐக் கவனியுங்கள். லென்ஸின் அப்பர்ச்சரைக் கேமராவுக்குத் தானாகத் தெரிவிக்கும் ஏஐ முறையை 1977-இல் நிக்கான் கொண்டுவருவதற்கு முந்தின உருப்படியாக இருக்கலாம். மகளின் கேமராவில் பாதிப்பு இல்லை. ஆனால் டி7200 மாதிரி கேமராக்களில், லென்ஸ் மாட்டும் வாயான மவுண்டைச் சுற்றி ஒரு குட்டி நெம்புகோல் இருக்கும். ஏஐ-க்கு மாற்றாத பழைய லென்ஸைத் திருகினால் அது உடையும். என் மேசைக்கு அப்படி எத்தனையோ வந்திருக்கின்றன. யாருக்காவது கொடுத்தால் இதையும் சொல்லிக் கொடுங்கள்.

பிளாஸ்டிக் 28-80-இன் ஆட்டோஃபோகஸ் ஓடக் கேமரா உடம்புக்குள் மோட்டார் வேண்டும். டி5600-இல் மோட்டார் கிடையாது. பெட்டியிலேயே புதுசு அது, ஆனால் மகளுக்கு ஆட்டோஃபோகஸ் தராது. கேட்டவருக்குக் கொடுங்கள்.

பூஞ்சை பிடித்ததை நல்லதோடு சேர்த்து வைக்காதீர்கள். தோல் உறையெல்லாம் இன்றைக்கே வெளியே போகட்டும். ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்வது அதுதான்.

குர்லா குமார்:

எல்லாவற்றையும் விற்றுவிட்டு மகளுக்கு ஒரு நல்ல புது 35 எஃப் 1.8 வாங்கிக் கொடுங்கள். என் மாமனாருடைய லென்ஸ் ஆறு, பதினொரு வருஷமாக "பார்க்கலாம்" என்று வைத்திருந்தோம். போன மழைக்கு அப்புறம் திறந்தால் ஆறும் பனிமூட்டம். இப்போது சும்மா கொடுத்தாலும் ஆள் இல்லை.

செம்பூர்க்காரி:

அண்ணா, குமார் சொல்வதில் பாதி நியாயம். வைத்துக்கொள்வதென்றால் எடுத்துப் பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் இந்த ஊர் மழை முடிவு செய்துவிடும். ஆனால் மொத்தமாக விற்பது நஷ்டம். 105-க்கான விலையில் ஒன்பதும் போய்விடும்.

மெக்கானிக் அண்ணாச்சி சொன்னதில் ஒன்றுக்கு மட்டும் மறுப்பு. பூஞ்சை வித்து காற்றிலேயே இருக்கிறது, பக்கத்து லென்ஸிலிருந்து ஒட்டிக்கொள்ள வேண்டும் என்றில்லை. ஈரப்பதம்தான் விஷயம். காற்றுப் புகாத அரிசி டப்பா ஒன்று, நீல சிலிக்கா ஜெல், பத்து ரூபாய் நாணயம் மாதிரி ஒரு குட்டி ஈரமானி. 40-லிருந்து 50 சதவீதத்தில் நின்றால் போதும். அதற்கும் கீழே காயவிட்டால் உள்ளே இருக்கும் கிரீஸுக்கு ஆகாது. ஜெல் ரோஸ் நிறமாகிவிட்டால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்துக்கொள்ளுங்கள், அந்த வாணலியில் மறுபடி சமைக்க வேண்டாம். நான் பழைய தோசைக்கல்லில் வறுக்கிறேன்.

மஞ்சள் டக்குமார் கெட்டுப்போகவில்லை. அந்த மாடலில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு, வருஷம் ஆக ஆக மஞ்சளாகும். நம் மணவாளக்குறிச்சி மணலில் இருக்கிற அதே தோரியம்தான். கதிர்வீச்சு என்றதும் வீட்டில் பயப்படுவார்கள். பெட்டியில் இருப்பதால் ஒன்றுமில்லை, கண்ணாடியைத் தேய்க்காமல், உடைக்காமல் இருந்தால் போதும். சில வாரம் ஜன்னல் வெளிச்சத்திலோ புற ஊதா விளக்கிலோ வைத்தால் மஞ்சள் பெரும்பாலும் இறங்கும். வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் அலுமினியத் தாள் போட்டு மூடுங்கள். வெயில் ஊடுருவிப் போனால் அது பூதக்கண்ணாடி, திரைச்சீலை பற்றிக்கொள்ளும்.

ஆனால் டக்குமார், ஹீலியோஸ், பென்டாக்ஸ் மூன்றும் மகளுக்கு உதவாது. அவற்றின் மவுண்டுக்கும் ஃபிலிமுக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் 45.46 மி.மீ. நிக்கானில் 46.5. அந்த ஒரு மில்லிமீட்டரால் தூரத்தில் இருப்பது எதுவும் ஃபோகஸ் ஆகாது. சரிசெய்யும் கண்ணாடி வைத்த அடாப்டர் உண்டு, படம் கொழகொழவென்று வரும். உள்ளே மிரர் இல்லாத மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஹீலியோஸை என்னிடம் தந்தால் நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

குழாய் மூடியைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அது கேமரா லென்ஸே இல்லை, என்லார்ஜர் லென்ஸ். இருட்டறையில் நெகட்டிவிலிருந்து பேப்பருக்கு வெளிச்சம் இறங்கும் வழி. உங்கள் அப்பா எந்தக் கேமராவில் எடுத்திருந்தாலும், 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்துக் கையால் பிரிண்ட் போட்ட ஒவ்வொரு முகமும் அதற்குள் புகுந்துதான் வந்திருக்கும். லென்ஸைக் கேமராவிலிருந்து தள்ளி நிறுத்தும் எக்ஸ்டென்ஷன் டியூபோடு மாட்டினால் நெருக்கப் படத்துக்கு இன்றைக்கும் கில்லாடி.

தொண்ணூறடி ரோட்டுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மகளும் நானும் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சோடு உட்கார்ந்தோம். அம்மா, கரண்ட் போய்விட்டது என்று நினைத்து மெழுகுவத்தி தேடினாள்.

70-210-இல் வேர் மாதிரி பூஞ்சை, நடுக்கண்ணாடி வரை. குப்பைக்குப் போய்விட்டது. 28 சுத்தம். 105-இல் மூன்று தூசி, அவ்வளவுதான். அப்பா அதை மட்டும் வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி, தோல் உறையில்லாமல் வைத்திருந்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது, மற்றதற்கு ஏன் செய்யவில்லை என்று தெரியவில்லை.

50-தான் மனசைக் கெடுத்தது. பின்பக்கம் முழுக்கக் கோலம். மெக்கானிக் அண்ணாச்சியிடமே நேரில் கொண்டுபோனேன். இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "பூச்சு போயிருச்சு தம்பி, காசை வீணாக்காதீங்க" என்று கையில் கொடுத்துவிட்டார். சரி, லென்ஸாக அது முடிந்தது. ஆனால் அந்த டேப்பில் அப்பாவின் கட்டைவிரல் தேய்த்த இடம் பள்ளமாக, பளபளவென்று இருக்கிறது. என் விரலை வைத்தால் பொருந்தவில்லை, அவர் இடக்கைக்காரர் மாதிரி ஏதோ ஒரு கோணத்தில் பிடித்திருக்கிறார். அது அரிசி டப்பாவுக்குள் போகவில்லை, சாமி அலமாரியில் விபூதித் தட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். ஆக, பீரோத் தட்டில் இடம் பிடிக்கவில்லை.

கே1000-ஐ அதன் 50-ஓடு பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்தேன். ஜே.ஜே. ஓவியக் கல்லூரியில் படிக்கிறான், ஃபிலிம் விலையைக் கேட்டு மலைத்தாலும் வாங்கிக்கொண்டான். 28-80 மகளின் தோழிக்கு, அவளிடம் மோட்டார் உள்ள பழைய நிக்கான் இருக்கிறதாம். ஹீலியோஸ் செம்பூருக்குத்தான், தங்கச்சி, எந்த ஸ்டேஷனில் சந்திப்பது என்று சொல்லுங்கள். டக்குமாரை ஜன்னலில் அலுமினியத் தாள் போட்டு வைத்திருக்கிறேன், மஞ்சள் இறங்கினால் விற்கப்போகிறேன். மனைவி அந்த ஜன்னல் பக்கமே போவதில்லை.

இருப்பது 105, 28, எல்-நிக்கோர். நாலாவது இடம் காலி. அதில் மனைவி ஏற்கெனவே வளையல் பெட்டியை வைத்துவிட்டாள்.

நேற்று மகள் 105-ஐ மாட்டி அம்மாவைப் பால்கனியில் உட்காரவைத்தாள். முதல் நாலு படம் காதுதான் தெளிவாக வந்தது, கண் மங்கல். பச்சைப் புள்ளிக்காகக் காத்திரு என்று சொன்னேன், ஏதோ பெரிய விவரம் தெரிந்தவன் மாதிரி. ஐந்தாவதுக்கு அவள் கேமராவைக் கண்ணில் வைத்ததும், யாரும் ஒன்றும் சொல்லாமலே, அம்மா நாடியைக் கொஞ்சம் தூக்கினாள்.

அந்த 105-க்கு முன்மூடி இல்லை. 52 மி.மீ. மூடி மும்பை ஃபோர்ட் பக்கம் எந்தக் கடையில் கிடைக்கும்?