தாத்தா பெயரிலுள்ள பட்டாவைத் தந்தை பெயருக்கு மட்டும் மாற்ற இயலுமா?

கேள்வி:
தஞ்சாவூர் மாவட்டத்தில் எங்கள் தாத்தாவுக்கு 84 சென்ட் நஞ்சை உள்ளது. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியும் பட்டா மாற்றப்படவில்லை. என் தந்தையும் இரண்டு அத்தைகளும் வாரிசுகள். பாகப்பிரிவினை எதுவும் நடக்கவில்லை. தந்தை பெயரில் தனிப்பட்டா கோரலாமா?

பதில் 1:
இயலாது, ஐயா. பதிவு செய்யப்பட்ட பாகப்பிரிவினையோ அத்தைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ இல்லாதவரை, மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவே கோர முடியும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றுடன் இ-சேவை மையத்திலோ தமிழ்நிலம் இணையதளத்திலோ விண்ணப்பியுங்கள்.

பதில் 2:
விண்ணப்பிக்கும் முன் பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எங்கள் பத்திரத்தில் 'கோவிந்தசாமி', பழைய பட்டாவில் 'கோவிந்தன்' என்றிருந்த ஒரே காரணத்தால் மனு தள்ளுபடியாகி, இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிப்பதற்குள் ஒரு போகமே கடந்துவிட்டது.

பதில் 3:
பின்னாளில் பாகம் பிரித்தால் உட்பிரிவுடன் (அவரவர் பங்கைத் தனியே அளந்து பிரிப்பதுடன்) கூடிய பட்டா மாறுதல் கோர வேண்டும். நில அளவர் வரும் நாளில் வரப்பில் நேரில் நின்று, எல்லைக்கற்களைக் காட்டுங்கள். நிலத்தின் அளவை வரைபடமான புலப்படத்தில் கோடு தவறினால் திருத்துவது பெரும்பாடு. வட்டாட்சியர் மறுத்தால், 1983ஆம் ஆண்டுப் பட்டா பாஸ்புத்தகச் சட்டத்தின்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

கேட்டவர்:
நன்றி. அத்தைகளிடம் முதலில் பேசுகிறேன்.