'சென்னைட்'டைத் தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம் நண்பர்களே, ஒரு சின்ன உதவி. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கடிதம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். அதில் 'மண்டே சென்னைட்' என்று வருகிறது (நம்ம சென்னைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!). சென்னைட் என்றால் ஏழு இரவு, அதாவது ஒரு வாரம். அந்தக் காலத்தில் நாள் கணக்கை இரவை வைத்து எண்ணியிருக்கிறார்கள். பதினான்கு இரவு 'ஃபோர்ட்நைட்' ஆகி இன்றும் பிழைத்திருக்கிறது. பாவம், இது வழக்கொழிந்துவிட்டது.

இங்கே சொல்வது வருகிற திங்கள் அல்ல, அதற்கடுத்த திங்கள். 'திங்களிலிருந்து எட்டாம் நாள்' என்று எழுதினேன். அம்மா விரல்விட்டு எண்ணிவிட்டு, "திங்களைச் சேர்த்தா திங்கள், சேர்க்காட்டி செவ்வாய்" என்கிறார். உங்கள் ஊர்ப் பேச்சில் இதற்குக் குழப்பமில்லாத பழைய சொல் ஏதாவது உண்டா? ஊர்ப் பெயரோடு சொன்னால் நல்லது.