விடுதியில் தங்கி வந்த நாய்க்கு வறட்டு இருமல்: என்ன மருந்து கொடுக்கலாம்?

கேள்வி:
பொங்கலுக்கு ஊருக்குச் சென்றபோது எங்கள் மூன்று வயது லாப்ரடாரை நான்கு நாட்கள் நாய்களுக்கான விடுதியில் விட்டிருந்தோம். அழைத்து வந்த ஐந்தாம் நாளிலிருந்து, தொண்டையில் எலும்பு சிக்கியதைப் போல இருமி, முடிவில் ஓங்கரித்து வெள்ளை நுரையைக் கக்குகிறான். நன்றாகச் சாப்பிடுகிறான், சோர்வும் இல்லை. குழந்தைக்கு வாங்கிய இருமல் மருந்தில் சிறிது கொடுக்கலாமா? ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டும் இது எப்படி வந்தது? வீட்டில் இரண்டு மாதக் குட்டி ஒன்றும் இருக்கிறது.

பதில் (கால்நடை மருத்துவர்):
அந்த இருமல் மருந்தைக் கொடுக்க வேண்டாம். மனிதர்களுக்கான சளி, இருமல் மருந்துகள் சிலவற்றில் பாராசிட்டமாலோ மூக்கடைப்பு நீக்கும் மருந்தோ கலந்திருக்கும். சர்க்கரை இல்லாத வகைகளில் சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி இருக்கலாம். இவை நாயின் உயிருக்கே ஆபத்தானவை.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது கென்னல் காஃப் எனப்படும் தொற்று இருமலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இது ஒரே கிருமியால் வருவதன்று. பார்டெடெல்லா என்னும் பாக்டீரியா, பாராஇன்புளூயன்சா, அடினோ வைரஸ் முதலியவை தனித்தோ சேர்ந்தோ மூச்சுக்குழாயைத் தாக்குகின்றன. தொற்றிய 2 முதல் 14 நாட்களுக்குள் இருமல் தொடங்கும் என்பதால் உங்கள் கணக்கும் பொருந்துகிறது. வழக்கமான கூட்டுத் தடுப்பூசியில் பார்டெடெல்லாவுக்கான மருந்து இருப்பதில்லை. அதை மூக்கில் விடும் சொட்டாகவோ வேறு வடிவிலோ தனியாகக் கொடுக்க வேண்டும். கொடுத்திருந்தாலும் நோய் அறவே வராது என்பதில்லை, கடுமை குறையும்.

சுறுசுறுப்பாக இருந்து நன்றாகச் சாப்பிடும் நாய்க்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தேவைப்படாது. ஓய்வு கொடுத்தால் ஒன்று முதல் மூன்று வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். காய்ச்சல், சோர்வு, உணவு மறுத்தல் ஆகியவற்றுடன் மூக்கில் கெட்டியான சளி வடிந்தால்தான் டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்தை எடையைப் பார்த்து எழுதுவோம். மூச்சு வாங்கினால் நிமோனியாவா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த நிலையில் இருமலை அடக்கும் மருந்து கொடுப்பது தவறு, ஏனெனில் சளி வெளியேற வழியில்லாமல் போய்விடும்.

எனக்குக் கவலை குட்டியைப் பற்றித்தான். தடுப்பூசி முடியாத குட்டிக்கு இருமலுடன் கண்ணிலும் மூக்கிலும் சீழ் போல் வடிந்தால், டிஸ்டெம்பர் என்னும் கொடிய வைரஸ் நோயாகவும் இருக்கலாம் என்பதால் அன்றே காட்டுங்கள்.

பதில் (நாய் வளர்ப்பவர்):
எங்கள் வீட்டிலும் இது வந்தது. கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்பில் மாட்டும் ஹார்னஸுக்கு மாறிய அன்றே இருமல் பாதியாகக் குறைந்தது. இழுக்கும்போதெல்லாம் பட்டை தொண்டையை அழுத்தியிருக்கிறது. வெந்நீர் திறந்துவிட்ட குளியலறையில் பத்து நிமிடம் உடன் உட்கார்ந்ததும் இதமாக இருந்தது. ஆனால் கற்பூரவள்ளிக் கஷாயம் கொடுத்தது என் தவறு. நமக்குக் கைகண்ட மருந்துதான், நாய்க்கோ வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கக்கூடியது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இருவரையும் எத்தனை நாள் பிரித்து வைக்க வேண்டும்? மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால் அங்குள்ள நாய்களுக்கும் தொற்றாதா?

பதில் (கால்நடை மருத்துவர்):
இருமல் நின்ற பிறகும் குறைந்தது இரண்டு வாரம் பிரித்து வையுங்கள். நலமாகத் தெரியும் நாயும் கிருமியைப் பல வாரங்கள் வெளியேற்றக்கூடும். தண்ணீர்க் கிண்ணம், படுக்கை எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். குட்டியைத் தொடுமுன் கையைக் கழுவுங்கள். தொற்று ஏற்கெனவே சென்றிருக்கலாம் என்பதால், குட்டி பால் குடிப்பதையும் விளையாடுவதையும் தினமும் கவனியுங்கள். மருத்துவமனைக்குக் கிளம்புமுன் தொலைபேசியில் இருமலைச் சொல்லிவிட்டு, அழைக்கும்வரை நாயை வண்டியிலேயே உங்களுடன் வைத்திருங்கள்.