எத்னிக் ஸ்டடீஸ் டீச்சருக்கு ட்ரெயினிங்: தேவையா, தண்டச் செலவா?

ஈஸ்ட்பே_அப்பா:
பையன் நைன்த் போறான், டைம்டேபிள்ல எத்னிக் ஸ்டடீஸ்னு ஒண்ணு வந்திருக்கு, அமெரிக்காவுல இருக்கற பல இன மக்களோட வரலாறு, பண்பாடு பத்தின பாடமாம். 2021 அக்டோபர்ல கவர்னர் நியூசம் கையெழுத்து போட்ட ஏபி 101 சட்டம், 2025-26ல இருந்து கலிஃபோர்னியா ஹைஸ்கூல் எல்லாம் இத வைக்கணும், 2029-30ல முடிக்கிற பேட்ச்ல இருந்து இது இல்லாம டிப்ளமா கிடையாதுன்னு சொல்லுச்சு. ஸ்டேட் காசு ஒதுக்கினாதான் அமலாகும்னு அதுலயே ஒரு கொக்கி வேற, 2025 பட்ஜெட்ல ஒதுக்கவே இல்ல. ஆனாலும் எங்க ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் விடாம நடத்துது, இப்போ அந்த டீச்சர்களுக்கு கல்ச்சுரலி ரெஸ்பான்சிவ் ட்ரெயினிங், அதாவது பசங்களோட பண்பாட்ட புரிஞ்சு பாடம் நடத்துற பயிற்சி, குடுக்க கன்சல்டன்ட் வேணும்னு ஸ்கூல் போர்டு அஜெண்டால போட்டிருக்காங்க. கணக்குக்கு சப்ஸ்டிட்யூட்ட வச்சு ஒப்பேத்துறாங்க, இதுக்கு மட்டும் எப்படிங்க காசு வருது?

சாக்பீஸ்_அக்கா:
நான் ஹிஸ்டரி டீச்சர், இந்த க்ளாஸும் எடுக்குறேன். தம்பி, க்ளாஸ் வேணாம்னா அத நேரா சொல்லுங்க, அது வேற சண்டை. க்ளாஸ் நடக்கும்னு முடிவாச்சுன்னா ட்ரெயினிங்ல கை வைக்கிறதுதான் இருக்கறதுலயே மோசமான ஐடியா. எத்னிக் ஸ்டடீஸ்க்குன்னு தனி க்ரெடென்ஷியல் (டீச்சர் லைசென்ஸ்) இல்லாமலேதான் சட்டம் வந்துச்சு, சோஷியல் சயின்ஸ் க்ரெடென்ஷியல் இருந்தா போதும். நேத்து வரைக்கும் ஐரோப்பா போர் பாடம் நடத்தினவர் தலைல ஆகஸ்ட்ல இத கட்டிடுவாங்க.

மொட்டமாடி:
ட்ரெயினிங்னு பேர்ல என்ன நடக்குதுன்னு பாத்தவன் சொல்றேன். ஜூம்ல ஒரு நாள், எம்பது ஸ்லைடு, நடுவுல ப்ரேக்அவுட் ரூம்ல "உங்க ஐடென்டிட்டிய பத்தி பகிருங்க". அதுல கத்துக்கிட்டு வந்து க்ளாஸ்ல பசங்கள வரிசையா நிக்க வச்சு, வீட்ல புக்ஸ் இருந்தா ஒரு அடி முன்னாடி வா, அப்பா ஜெயிலுக்கு போயிருந்தா ஒரு அடி பின்னாடி போன்னு விளையாட்டு. பதினாலு வயசு புள்ளைக்கு அது எவ்ளோ அசிங்கமா இருக்கும்? இதே ஸ்டேட்ல சான்டா ஆனா ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் மேல, அவங்க எத்னிக் ஸ்டடீஸ் பாடத்த எதிர்த்து யூத அமைப்புங்க 2023ல கேஸ் போட்டு, 2025 பிப்ரவரில செட்டில்மென்ட் ஆச்சு, சில கோர்ஸ நிறுத்தி மறுபடி எழுத வேண்டியதா போச்சு. கன்சல்டன்ட்டுங்க சொந்த அரசியல உள்ள கொண்டுவர வாசலே இந்த ட்ரெயினிங்தான்.

சாக்பீஸ்_அக்கா:
அந்த முன்னாடி பின்னாடி விளையாட்டு எனக்கும் புடிக்காது, நான் நடத்துனதில்ல. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. பகத் சிங் திந்த் கேஸ் எடுத்துக்கோங்க. முதல் உலகப்போர்ல அமெரிக்க ராணுவத்துல இருந்தவர், சீக்கியர். நாங்களும் ஆரியர்தான், உயர்சாதி, அதனால வெள்ளையர்தான், குடியுரிமை குடுங்கன்னு வாதாடினார். 1923ல சுப்ரீம் கோர்ட், சாதாரண ஜனங்க வெள்ளையர்னு யார சொல்றாங்களோ அதுல நீங்க வரமாட்டீங்கன்னு சொல்லிடுச்சு. ஏற்கனவே சிட்டிசன் ஆன பல இந்தியர்களுக்கும் அது பறிபோச்சு. நல்ல பாடம். ஆனா தயார் இல்லாத டீச்சர் என்ன பண்ணுவார்? க்ளாஸ்ல இருக்கற ஒரே இந்தியப் புள்ள பக்கம் திரும்பி, "உங்க வீட்ல எந்த சாதி, நீ கொஞ்சம் சொல்லேன்"னு சிரிச்சுட்டே கேப்பார். கெட்ட எண்ணமே இல்ல. முப்பது பேர் அந்த புள்ளைய பாப்பாங்க. ஒரு புள்ளைய அவங்க சமூகத்துக்கே வக்கீலாக்கக் கூடாதுங்கறதுதான் ட்ரெயினிங்ல முதல்ல வரவேண்டியது. அந்தக் கேள்விய எங்க நிறுத்தணும், அந்தக் கோர்ட் தீர்ப்ப எப்படி பசங்க கைலயே குடுத்து படிக்க வைக்கணும், இதெல்லாம் இன்னொரு டீச்சர் க்ளாஸ்ல உக்காந்து பாத்தாதான் வரும். நீச்சல ஸ்லைடுல கத்துக்க முடியாதுல்ல.

ஈஸ்ட்பே_அப்பா:
அப்போ என் பையனுக்கு அது நடந்தா?? இதனாலதான் க்ளாஸே வேணாங்குறேன்.

கரிசல்_பொறியாளர்:
ஸ்டான்ஃபோர்ட் ஸ்டடி ஒண்ணு ரெண்டு தரப்பும் தூக்கிட்டு திரியும், முழுசா யாரும் படிக்கிறதில்ல. தாமஸ் டீ, எமிலி பென்னர் பண்ணது. சான் ஃபிரான்சிஸ்கோல எட்டாவதுல ஜிபிஏ (சராசரி மார்க், நாலுக்கு) 2.0க்கு கீழ இருந்த பசங்கள இந்த க்ளாஸ்ல போட்டாங்க, அந்த 2.0 கோட்டுக்கு கொஞ்சம் கீழ இருந்தவங்களையும் கொஞ்சம் மேல இருந்தவங்களையும் வச்சு கணக்கு பண்ணா அட்டென்டன்ஸ் 21 பர்சென்டேஜ் பாயின்ட், ஜிபிஏ 1.4 ஏறுச்சு. பிரமாதம்தான். ஆனா பண்ணவங்களே என்ன சொன்னாங்க? அது சின்ன பைலட், டீச்சருங்க ரொம்ப ஈடுபாடா உழைச்சவங்க, வேற எடத்துல அவசரமா பரப்புனா இதே பலன் வரும்னு நினைக்காதீங்கன்னு.

மொட்டமாடி:
ஆமா, எல்லாம் கோட்டுக்கு பக்கத்துல இருந்த பசங்க, அந்த நம்பர வச்சு ஸ்டேட் பூரா எல்லாருக்கும் கட்டாயம்னு சட்டம் போட்டது தப்பு. அந்த ஸ்டடி கணக்கு பண்ண முறையையே தப்புன்னு சொன்ன ஆட்களும் இருக்காங்க.

கரிசல்_பொறியாளர்:
சட்டம் அவசரம்னு ஒத்துக்குறேன் பாஸ். ஆனா அதே எச்சரிக்கைய வச்சு ட்ரெயினிங்க வெட்டுனா எப்படி? டீச்சருங்க உழைப்பும் முக்கியம்னு அவங்களே சொல்றாங்களே.

ஈஸ்ட்பே_அப்பா:
ரைட்டு, போர்டு மீட்டிங் வியாழக்கிழமை, மைக்ல ரெண்டு நிமிஷம்தான் குடுப்பாங்க. நான் எதிர்த்துதான் பேசப்போறேன்.

சாக்பீஸ்_அக்கா:
பேசுங்க. ஆனா கன்சல்டன்ட் ஒரு நாள் வந்து ஸ்லைடு போட்டுட்டு போறாரா, இல்ல வருஷம் பூரா டீச்சர்கூட க்ளாஸ்ல உக்காருறாரா, அந்த மெட்டீரியல பேரன்ட்ஸ் பாக்கலாமான்னு இது மூணையும் கேட்டுட்டு எதிருங்க. முதல் வகைன்னா நானும் உங்க பின்னாடி வந்து எதிர்த்துப் பேசுறேன்.

மொட்டமாடி:
முதல் வகைதான் அக்கா, பாருங்களேன்.