மூடிய ஜாடிச் சூழல் மண்டலம் ஆறே நாளில் கெட்டுப்போகிறது, எங்கே தவறு?

அறிவியல்_வகுப்பு

எட்டாம் வகுப்புச் சூழல் மண்டலப் பாடத்துக்காக 5 லிட்டர் கண்ணாடி ஜாடியில் மூடிய மாதிரி ஒன்று வைத்திருக்கிறோம். அடியில் நான்கு அங்குலத்துக்குத் தோட்ட மண்ணும் தொழு உரமும். கழுத்து வரை குளத்துத் தண்ணீர். ஹைட்ரில்லா ஆறு தண்டு, நத்தை நான்கு, கப்பி மீன் இரண்டு. சன்னலோரம், நேர் வெயில். ஆறாம் நாள் அடிமண் கருத்து, திறந்தால் அழுகிய முட்டை வாடை. மீன் இரண்டும் செத்துவிட்டன. செடியும் இருக்கிறது, வெளிச்சமும் இருக்கிறது, ஆக்சிஜன் எப்படித் தீர்ந்தது?

குளத்தங்கரை

தொழு உரம்தான் காரணம். அதில் உள்ள மட்கைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் மீனையும் நத்தையையும் விட அதிகமாக ஆக்சிஜனை இழுக்கும். இரவில் ஹைட்ரில்லாவும் சுவாசிக்கிறதே தவிர, ஆக்சிஜன் தருவதில்லை.

கணக்குப் போட்டுக் காட்டுங்கள், பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் 8 மில்லிகிராம்தான். 35 டிகிரிக்குச் சூடேறினால் 7. ஒரு லிட்டர் காற்றிலோ 270 மில்லிகிராம் இருக்கிறது. கழுத்து வரை நீர் ஊற்றியதால் அந்தச் சேமிப்பே இல்லாமல் போயிற்று.

ஆக்சிஜன் தீர்ந்ததும், நீரிலுள்ள சல்பேட்டைப் பயன்படுத்திச் சுவாசிக்கும் வேறு பாக்டீரியாக்கள் தலையெடுக்கும். அவை விடுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அந்த முட்டை வாடை அதுதான். மண்ணிலுள்ள இரும்போடு அது சேர்ந்தால் கருப்பான இரும்பு சல்ஃபைடு. ஹைட்ரஜன் சல்ஃபைடு மீனுக்கு நஞ்சு. ஜாடியை வகுப்பறைக்குள் திறக்காதீர்கள், முகத்தை வைத்து முகர விடாதீர்கள். வெளியே மண்ணில் கொட்டிவிடுங்கள்.

நீர்த்தெள்ளு

மறுபடி அமைக்க, அதே ஜாடிக்கு: தெளிந்த நீர் வரும்வரை அலசிய ஆற்று மணல் 3 செ.மீ. உயரத்துக்கு. அதன்மேல் குளத்துச் சேறு இரண்டு மேசைக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம். தேவையான நுண்ணுயிர்கள் அதிலேயே வந்துவிடும். குளத்து நீர் 3 லிட்டர். வடிகட்டாதீர்கள், நீர்த்தெள்ளுகள் (நீரில் துள்ளி நீந்தும் மிகச் சிறிய உயிரிகள்) போய்விடும். தும்பியின் இளவுயிரி கண்ணில் பட்டால் மட்டும் எடுத்துவிடுங்கள், அது நீர்த்தெள்ளுகளைத் தின்று தீர்த்துவிடும். மேலே கால் பங்கு காற்று நிற்கட்டும்.

ஹைட்ரில்லா ஒரு சாண் நீளத்தில் மூன்று தண்டு, பழுத்த இலைகளைக் கிள்ளிவிட்டு. கொசு முட்டையிடாமல் வாயில் மெல்லிய துணி கட்டி ஒரு வாரம் விடுங்கள். நீர் தெளிந்து, காலை பத்து மணி வாக்கில் இலைகளில் குட்டிக் குட்டிக் குமிழிகள் ஒட்டியிருந்தால், விரல்நக அளவு நத்தை ஒன்றோ இரண்டோ விட்டு மூடலாம். நேர் வெயில் படாத, வெளிச்சமான இடம் போதும். நீர் பச்சையானால் சன்னலை விட்டு இரண்டடி தள்ளி வையுங்கள்.

விடியற்காலையில் நத்தைகள் நீர்மட்டத்துக்கு ஏறி நிற்கிறதா பாருங்கள். நாள்தோறும் அப்படியென்றால் ஆக்சிஜன் குறைகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் நத்தை இனங்களும் உண்டு, எனவே வாடை, மண்ணின் நிறம் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

பாலைவனப்பூ

இதே தவறு பெரிய அளவில் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் பயோஸ்பியர் 2 என்ற மூடிய கண்ணாடிக் கட்டடம், ஏறத்தாழ 3 ஏக்கர். மழைக்காடு, சவானா புல்வெளி, பாலை, சதுப்புநிலக் காடு, பவளப்பாறையோடு கடல் எனப் பல்லுயிர்த்தொகுதிகளின் மாதிரிகளை உள்ளே அமைத்து, 1991இல் எட்டுப் பேர் இரண்டாண்டு தங்கப் போனார்கள். சுமார் 16 மாதங்களில் ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து 14.5 அளவுக்கு இறங்கி, 1993 தொடக்கத்தில் வெளியிலிருந்து செலுத்த வேண்டியதாயிற்று. மட்கு மிகுந்த மண்ணில் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை உறிஞ்சின. அவை விட்ட கார்பன் டைஆக்சைடின் ஒரு பகுதியைக் கட்டடத்தின் கான்கிரீட் பிடித்து வைத்துக்கொண்டதால், செடிகளுக்கு அது திரும்பக் கிடைக்கவில்லை.

உணவுச் சங்கிலி வரையும்போது புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு என்று போட்டுவிட்டுச் சிதைப்பவற்றை ஓரத்தில் ஒரு காளானாக வரைந்து முடிக்கிறோம். உங்கள் ஜாடியில் ஆக்சிஜனைத் தீர்த்தது அந்த ஓரத்துக் காளானின் கூட்டம்தான். இதை அவசியம் வகுப்பில் சொல்லுங்கள்.

அறிவியல்_வகுப்பு

மிக்க நன்றி. மீன் ஒன்றாவது வேண்டும் என்கிறார்கள். விடலாமா?

நீர்த்தெள்ளு

வேண்டாம். உணவுச் சங்கிலியில் ஒரு படியின் ஆற்றலில் சுமார் 10 சதவீதமே அடுத்த படிக்குப் போகிறது. 3 லிட்டரில் வளரும் பாசியும் நீர்த்தெள்ளும் ஒரு கப்பிக்கு நீண்ட நாள் தாங்காது. மீனுக்குப் பதில் ஒரே அளவில் மூன்று சிறிய ஜாடி, நத்தை இல்லாமல்: ஒன்று மேலே சொன்னபடி, இன்னொன்றில் ஒரு கரண்டி தொழு உரம் கூடுதலாக, மூன்றாவதைக் கருப்புத் தாளால் சுற்றி. எது முதலில் கருக்கும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டு மூடச் சொல்லுங்கள்.